பார்வையும் போலியும்: பிரித்தானிய அரிதாள் வயல்களில் புறா, காக்கை வேட்டையின் சொல் வரலாறு

பிரித்தானிய நாடாளுமன்றம் 1981ஆம் ஆண்டில் இயற்றிய வனவுயிர், நாட்டுப்புறச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, காட்டுப் பறவைகளைக் கொல்வதற்கும் பிடிப்பதற்கும் கையாளக் கூடாத முறைகளைத் தொகுத்துக் கூறுகிறது. அத்தொகுப்பில் ‘டிகாய்’ என்னும் சொல் இடம்பெறும் உட்பிரிவு மொழிபெயர்ப்பாளரின் கவனத்துக்கு உரியது. ஒலிப்பதிவை டிகாயாகப் பயன்படுத்தக் கூடாது; கட்டிவைத்த, வாரிட்டுப் பிணித்த, குருடான, உறுப்பிழந்த, காயமுற்ற உயிருள்ள பறவையையோ வேறு விலங்கையோ டிகாயாகப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் கருத்து. அதே நாட்டில் அறுவடை முடிந்த வயலில் நெகிழிப் புறாக்களைப் பரப்பிவைத்து, வேலியோரத்தில் மறைந்திருந்து, இறங்கிவரும் புறாக்களையும் காக்கைகளையும் சுடுவோர் உள்ளனர். அவர்கள் தாம் வைக்கும் பொம்மையையும் டிகாய் என்றே அழைக்கின்றனர். இப்பொம்மையைச் சட்டம் தடுக்கவில்லை.

ஆகவே ஒரே சொல் உயிருள்ள பறவையையும், உயிரற்ற பொம்மையையும், ஒலியையும் குறிக்கிறது. அவற்றுள் சில குற்றம், சில குற்றமல்ல. இச்சொல்லைத் தமிழில் ‘கண்ணி’ என்றோ ‘பொறி’ என்றோ எழுதினால் பொருள் தவறும். கண்ணியும் பொறியும் பற்றிக்கொள்பவை, டிகாயோ வரவழைப்பது மட்டுமே. இச்சொல் எங்கிருந்து வந்தது, எப்பொருள்களை எந்த வரிசையில் ஏற்றது, அவ்வரிசைக்கும் பிரித்தானிய வயல்வெளி வேட்டையின் வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு யாது, தமிழில் இதற்கு நிகராக நிற்கக்கூடியது எது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. கூண்டிலிருந்து பிறந்த சொல்

டிகாய் தொடக்கத்தில் பறவையின் பெயரன்று. ஓர் இடத்தின் பெயர். டச்சு மொழியில் ‘கோய்’ என்பது கூண்டு. ‘ஏன்டன்கோய்’ என்பது வாத்துகளைப் பிடிப்பதற்காக அமைத்த குளம். நடுவில் நீர்ப்பரப்பும், அதிலிருந்து வளைந்து குறுகிச் செல்லும் கால்வாய்களும், கால்வாய்களின் மேல் வலைக்கூரையும், கரையில் நாணல் தட்டிகளும் கொண்டது அவ்வமைப்பு. பயிற்றப்பட்ட நாயொன்று தட்டிகளின் இடையே தோன்றியும் மறைந்தும் செல்லும். பகை விலங்கை விட்டுவிலகாமல் நீரிலிருந்தபடியே கண்காணித்துப் பின்தொடரும் இயல்புடைய வாத்துகள் கால்வாயின் குறுகிய முனைவரை சென்று வலையில் அகப்படும்.

இம்முறை 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குச் சென்றது. இரண்டாம் சார்லஸ் மன்னர் 1665இல் இலண்டன் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் டச்சுக்காரர் ஒருவரைக் கொண்டு இத்தகைய குளமொன்றை அமைப்பித்தார். லிங்கன்ஷயர் முதலிய கிழக்குச் சதுப்பு நிலங்களில் இவை பெருகின. இக்குளங்களின் வரலாற்றைத் தொகுத்து ரால்ஃப் பெய்ன்-கால்வே எழுதிய நூல் 1886இல் வெளிவந்தது. சொல்லும் அமைப்போடு கூடவே வந்தது. ஆங்கிலத்தில் முதலில் ‘காய்’ என்ற வடிவமும், அதனோடு ‘காய்-டக்’ என்ற தொடரும் வழங்கின. முன்னுள்ள ‘டி’ டச்சு மொழியின் சுட்டிடைச்சொல் என்பர் ஒரு சாரார். ‘ஏன்டன்கோய்’ என்பதன் இறுதிப் பகுதி தவறாகப் பிரிக்கப்பட்டதால் வந்தது என்பர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும் ‘கோய்’ என்பதன் மூலம் இலத்தீன் மொழியின் ‘காவியா’ ஆகும். பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் பெற்ற ‘கேஜ்’ என்னும் கூண்டுச் சொல்லுக்கும் அதுவே மூலம். எனவே இரு வழிகளில் வந்து சேர்ந்த ஒரே வேரின் சொற்கள் ஆங்கிலத்தில் அருகருகே வாழ்கின்றன. ஒன்று சிறையைக் குறிக்கிறது, மற்றொன்று சிறைக்கு அழைப்பதைக் குறிக்கிறது.

இடப்பெயர் விரைவில் பெயர்ந்தது. குளத்தில் பழக்கிவைத்த வாத்துகள் காட்டு வாத்துகளை உடனழைத்து வந்தன. அவ்வாத்தே டிகாய் எனப்பட்டது. 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சூதாட்டத்துக்கும் மோசடிக்கும் ஆள் பிடித்துத் தருபவன் டிகாய் ஆனான். இம்மாற்றம் தனித்து நிகழ்ந்ததன்று. வயலில் இறங்கும் பறவைகளின் பெயர்களும் அதே சூதாட்ட மேசைக்குச் சென்றன. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ‘ரூக்’ என்னும் காக்கைப் பெயர் ஏமாற்றுபவனையும், ‘பிஜன்’ என்னும் புறாப் பெயர் ஏமாறுபவனையும் குறித்தன. வேட்டைக்குரிய சொற்களில் மூன்று, வேட்டைக்காரனையும் இரையையும் இடையாளையும் குறிக்கும் வகையில் நகரத்துக் குழூஉக்குறியில் தம் இடங்களைப் பகிர்ந்துகொண்டன. டிகாய் என்னும் சொல்லில் இன்றும் ஒட்டியிருக்கும் வஞ்சக வாடை இக்காலத்தில் ஏறியதே.

2. காக்கைத் தலையும் மரப்புறாவும்

வயலில் பறவை கொல்வது விளையாட்டாவதற்கு முன் கடமையாக இருந்தது. எட்டாம் ஹென்றி காலத்தில் 1532இல் இயற்றப்பட்ட சட்டம் சஃப், குரோ, ரூக் என்னும் மூவகைக் காக்கையினப் பறவைகளை அழிக்குமாறு பணித்தது. ஒவ்வொரு திருச்சபை ஊரும் அவற்றைப் பிடிக்க ஒரு வலையைப் பேணவேண்டும் என்றும் விதித்தது. எலிசபெத் அரசி காலத்தில் 1566இல் வந்த தானியப் பாதுகாப்புச் சட்டம் தலைக்கு விலை வைத்தது. முதிர்ந்த காக்கையினப் பறவைகளின் தலை மூன்றுக்கு ஒரு பென்னி. முட்டை ஆறுக்கு ஒரு பென்னி. இத்தொகைகளைத் தேவாலய நிர்வாகிகள் வழங்கினர். அவர்களுடைய கணக்கேடுகள் பிற்கால ஆய்வாளர்க்குச் சான்றாயின. ரோஜர் லவ்குரோவ் 2007இல் வெளியிட்ட ‘சைலன்ட் ஃபீல்ட்ஸ்’ என்னும் நூல் இவ்வேடுகளை அடிப்படையாகக் கொண்டது.

இங்கு மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தமிழில் ‘காக்கை’ என்று ஒரு சொல்லில் அடங்குவது ஆங்கில உழவர் வழக்கில் பல பெயர்களாகப் பிரிகிறது. ரூக் கூட்டமாக வாழ்வது. முதிர்ந்தபின் அலகின் அடிப்பகுதி மயிரின்றி வெளுத்துத் தோன்றும். தானியத்தோடு மண்புழுவையும் பூச்சிப் புழுக்களையும் தின்பது. கேரியன் குரோ இணையாக வாழ்வது. முட்டை, குஞ்சு, செத்த விலங்கு ஆகியவற்றை நாடுவது. முன்னது வயலுக்கு நன்மையா தீமையா என்னும் வழக்கு நூற்றாண்டுகளாகத் தீரவில்லை. இரண்டையும் வேறுபாடின்றிக் ‘காக்கை’ என எழுதினால் அவ்வழக்கே மறைந்துவிடும். 1532ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘சஃப்’ என்பதும் இன்று அப்பெயரால் வழங்கும் செவ்வலகுப் பறவையை மட்டும் குறித்ததன்று. அக்காலத்தில் ஜாக்டா என்னும் சிறு காக்கையையும் அச்சொல் தழுவியது.

புறாவின் வரலாறு வேறு. ‘வுட் பிஜன்’ எனப்படும் மரப்புறா கழுத்தில் வெண்திட்டும் சிறகில் வெண்பட்டையும் உடைய பெரிய புறா. காடுசார்ந்த இப்பறவை, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் டர்னிப்பும் குளோவர் என்னும் தீவனப்பயிரும் குளிர்காலத்திலும் பசுமையை வழங்கத் தொடங்கிய பின்னரே வயல்சார்ந்த பறவையாகப் பெருகியது. அதன் இனப்பெருக்கம் தானிய முதிர்வோடு இணைந்துள்ளது. வசந்தத்தில் தொடங்கினாலும் கூடு கட்டுதல் உச்சமடைவது கோடையின் பிற்பகுதியில்தான். கதிர் சாயும்போதும், அறுவடைக்குப் பின் அரிதாளிடையே மணி சிந்திக்கிடக்கும்போதும் குஞ்சுகளுக்கு உணவு கிடைக்கிறது. ஆகவே அறுவடை வயல் இப்பறவைக்கு ஆண்டின் மையம். வேட்டைக்காரருக்கும் அதுவே மையமாயிற்று.

3. அரிதாளில் நிகழ்வது

பின்புறம் தோட்டாவிடும் துப்பாக்கி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பரவியதால், பறக்கும் பறவையை அடுத்தடுத்துச் சுடுவது எளிதாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் இரு உலகப் போர்களும் தானியக் காப்பை நாட்டுக் கடமையாக்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசு மலிவு விலையில் தோட்டா கிடைக்க உதவிய காலமும் இருந்தது. இச்சூழலில் வயலில் பொம்மை வைத்துச் சுடுதல் தனிக்கலையாக வளர்ந்தது. அதனையே தொழிலாகக் கொண்டிருந்த ஆர்ச்சி கோட்ஸ் 1963இல் எழுதிய ‘பிஜன் ஷூட்டிங்’ என்னும் நூல் அக்கலைக்கு இலக்கணம் வகுத்தது எனலாம்.

வேட்டை துப்பாக்கியோடு தொடங்குவதில்லை, கண்காணிப்போடு தொடங்குகிறது. புறாக்கள் வேலி மரங்களையும் காட்டோரங்களையும் ஒட்டி வழக்கமான பாதையில் வந்து போகும். அப்பாதையை ‘ஃபிளைட் லைன்’ என்பர். பாதைக்குக் கீழே, காற்றின் போக்கை அறிந்து, வேலியோரத்தில் வலையாலோ வைக்கோல் கட்டுகளாலோ மறைவிடம் அமைக்கப்படும். அதிலிருந்து ஏறத்தாழ 20 முதல் 30 கெஜத் தொலைவில் பொம்மைகள் வைக்கப்படும். பறவைகள் காற்றை எதிர்த்தே இறங்கும், காற்றை நோக்கியே மேயும். ஆதலால் பொம்மைகளின் தலைகளும் பெரும்பாலும் காற்றை நோக்கியிருக்க வேண்டும். குதிரைலாட வடிவில் அவற்றைப் பரப்பி நடுவில் வெற்றிடம் விடுவர். வந்திறங்கும் பறவை அவ்வெற்றிடத்தை நாடும்.

பொம்மையின் பொருள் காலந்தோறும் மாறியது. மரத்தில் செதுக்கி வண்ணமிட்டது, தகட்டிலும் அட்டையிலும் வெட்டிய உருவம், ரப்பர், வெறும் ஓடாக வார்த்த நெகிழி என்பன அடுத்தடுத்து வந்தன. ஆனால் மழையிலும் வெயிலிலும் பளபளக்கும் பொம்மையைக் கண்ட புறா விலகிச் செல்லும். எனவே முதலில் வீழ்ந்த பறவைகளை எடுத்து, தாடையின் கீழ் குச்சியொன்றை நட்டுத் தலையை நிமிர்த்தி, பொம்மைகளின் இடத்தில் வைப்பது வழக்கமாயிற்று. அப்போது செத்த பறவையும் டிகாய் எனவே பெயர் பெறுகிறது. பின்னர் கயிற்றை இழுத்தால் சிறகடிக்கும் கருவியும், மின்கலத்தால் சுழலும் நீண்ட கைகளில் இரு பறவைகளைப் பொருத்திச் சுற்றவிடும் கருவியும் வந்தன. உயிர் இல்லாத இடத்தில் உயிரின் அசைவை மட்டும் உண்டாக்குவது அவற்றின் நோக்கம்.

ரூக் காக்கைகளும் புறாக்களும் ஒரே அரிதாளில் மேய்வதால், புறாப் பொம்மைகளின் அருகே காக்கைப் பொம்மை ஒன்றிரண்டை வைப்போரும் உண்டு. எளிதில் ஏமாறாத காக்கையே அஞ்சாமல் மேயும் இடம் என்ற எண்ணத்தை அது உண்டாக்கும் என்பது அவர்கள் கருத்து. வேற்றினப் பொம்மையைத் துணைக்கு வைக்கும் இவ்வழக்கத்தை அமெரிக்க வேட்டைக்காரர் ‘நம்பிக்கை டிகாய்’ எனப் பொருள்படும் தொடரால் குறிப்பர்.

4. உறவால் அழைத்தலும் பகையால் அழைத்தலும்

புறாவை அழைப்பது உறவு. தன்னினம் மேய்வதைக் கண்டு அது இறங்குகிறது. காக்கையை அழைக்கப் பகையும் உதவுகிறது. பகலில் ஆந்தையைக் கண்டால் காக்கைகள் கூடிக் கரைந்து அதனைத் தாக்கும். இவ்வியல்பைக் கொண்டு செருமானிய நாடுகளில் உயிருள்ள பெரிய கொம்பன் ஆந்தையைக் கம்பத்தில் அமர்த்தி, குடிலில் மறைந்திருந்து காக்கைகளையும் கழுகினப் பறவைகளையும் சுடும் முறை நெடுங்காலம் நிலவியது. அதனைக் ‘குடில் வேட்டை’ எனப் பொருள்படும் சொல்லால் வழங்கினர். பின்னர் பஞ்சடைத்த ஆந்தையும் நெகிழி ஆந்தையும் அவ்விடத்தைப் பெற்றன. டச்சுக் குளத்தின் நாயும் இவ்வகையே. ஆங்கிலம் இவ்விரு நெறிகளையும் பிரித்துப் பெயரிடவில்லை, இரண்டும் டிகாய்.

பெயர் வேறுபாடின்மை ஆய்வுத்துறையிலும் ஒரு முரணை உண்டாக்கியது. மரப்புறா சிறகை விரிக்கும்போது வெளித்தோன்றும் வெண்பட்டை பிற புறாக்களுக்கு எச்சரிக்கையாகுமோ என்று ஆய்வாளர்கள் சோதித்தனர். இங்லிஸ், ஐசக்சன் ஆகியோர் 1984இல் ‘பிஹேவியர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, வெவ்வேறு நிலைகளில் வைத்த புறா டிகாய்களைக் கண்டு மரப்புறாக்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதைப் பற்றியது. அவர்கள் தேடியது ஈர்க்கும் உருவத்தையன்று, அச்சுறுத்தி விரட்டும் உருவத்தை. தமிழில் அத்தகைய உருவத்துக்கு ‘வெருளி’ என்னும் பழஞ்சொல் உண்டு. அக்கட்டுரையின் தலைப்பைத் தமிழாக்குவோர் டிகாயை ‘ஈர்ப்புப் பொம்மை’ என்று எழுதினால் கட்டுரையின் நோக்கம் தலைகீழாகும். அங்குச் சொல் குறிப்பது பயனை அன்று, பொருளை.

5. கண் தைத்த புறா

உயிருள்ள பறவையைக் கொண்டு அழைக்கும் முறை, புறா வேட்டையில் இரண்டு இடங்களில் பெருவழக்காக நிலவியது. பிரான்சின் தென்மேற்குப் பகுதியில் இலையுதிர் காலத்தில் வலசை வரும் மரப்புறாக்களை, மரங்களின் இடையே அமைத்த ‘பலோம்பியேர்’ என்னும் மறைவிடங்களிலிருந்து பிடிப்பர். பழக்கிய புறாக்களை, கண்ணை மூடும் சிறு முகமூடியிட்டு, கயிற்றால் அசையும் தட்டின்மேல் அமர்த்துவர். தட்டு தாழும்போது புறா நிலைதடுமாறிச் சிறகடிக்கும். மேலே செல்லும் கூட்டம் அதனைக் கண்டு இறங்கும். இத்தகைய பறவைக்குப் பிரெஞ்சு மொழி தரும் பெயர்களுள் ஒன்று ‘அழைப்பது’ என்னும் பொருளுடையது.

வட அமெரிக்காவில் பயணிப் புறாவைப் பிடித்தோர் இதனினும் கடுமையான முறையைக் கையாண்டனர். புறாவின் இமைகளை நூலால் தைத்து, கோலின் முனையிலிருந்த சிறு பீடத்தில் அதனைக் கட்டி, பீடத்தை உயர்த்தித் தாழ்த்திச் சிறகடிக்கச் செய்தனர். இறங்கிய கூட்டத்தின்மேல் வலை விழுந்தது. அப்பறவை ‘ஸ்டூல் பிஜன்’ எனப்பட்டது. ‘ஸ்டூல்’ என்பது பீடமா, அல்லது இரை அழைக்கும் பறவையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லான ‘ஸ்டேல்’ என்பதன் திரிபா என்பதில் சொற்பிறப்பாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 19ஆம் நூற்றாண்டிலேயே இத்தொடர் காவல்துறைக்கு ஆள் காட்டிக்கொடுப்பவனைக் குறிக்கலாயிற்று. பயணிப் புறா இனத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1ஆம் நாள் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. வணிக வேட்டையும் காடழிப்பும் சேர்ந்து அவ்வினத்தை முடித்தன. பறவை போயிற்று, தொடர் இருக்கிறது. இன்று ‘ஸ்டூல் பிஜன்’ என்று சொல்வோரில் பலர் அங்கு ஒரு புறா இருந்ததையே அறியார். காட்டிக்கொடுப்பவன் என்னும் பழி சுமக்கும் அப்பறவைக்கு உண்மையில் பார்வையும் இல்லை, விருப்பமும் இல்லை.

அமெரிக்க வழக்கில் வேட்டைக்காரன் ஒளிந்திருக்கும் மறைவிடத்தின் பெயர் ‘பிளைண்ட்’, அதாவது குருடு. பிரித்தானிய வழக்கில் அது ‘ஹைட்’. இதே நாட்டில்தான், 1924இல் நெவாடா மாநிலத்தின் லவ்லாக் குகையில் நாணற்கோரையால் செய்த வாத்து உருவங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவை ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடையவை. அங்கு வாழ்ந்த தொல்குடியினர் உயிரைக் கட்டிவைக்காமல் உருவத்தைக் கொண்டே வேட்டையாடியுள்ளனர். ஆகவே உயிருள்ளதிலிருந்து உயிரற்றதை நோக்கிய வளர்ச்சி எங்கும் ஒரே ஒழுங்கில் நிகழ்ந்தது என்று கூறுவதற்கில்லை. அமெரிக்காவில் 1935இல் நீர்ப்பறவை வேட்டைக்கு உயிருள்ள டிகாய் தடைசெய்யப்பட்டபின், உருவமே எஞ்சியது.

6. சட்டம் பிரித்த பொருள்

பிரித்தானியச் சட்டமும் இதே பிரிவினையைச் செய்தது. கூண்டிலிருந்து விடுவித்த புறாக்களைச் சுடும் போட்டி 1921இல் தடைசெய்யப்பட்டது. களிமண் தட்டு அவற்றின் இடத்தைப் பெற்றது. அத்தட்டுக்கு ஆங்கிலத்தில் ‘களிமண் புறா’ என்றே பெயர். 1954ஆம் ஆண்டுப் பறவைப் பாதுகாப்புச் சட்டம் கட்டிவைத்த, குருடான, ஊனமுற்ற உயிர்ப்பறவையை டிகாயாக்குவதைத் தடுத்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தொடர்ந்தது. இப்பட்டியலின் ஒவ்வோர் அடைமொழிக்கும் பின்னால் ஒரு பழைய வேட்டை முறை உள்ளது. ‘வாரிட்டுப் பிணித்த’ என்பது சிறகின் கீழ் வாரிட்டுக் கட்டும் பறவை பிடிப்போர் வழக்கத்தையும், ‘குருடான’ என்பது கண் கெடுக்கும் வழக்கத்தையும் நினைவுறுத்துகின்றன. சட்டச் சொல் வேட்டை வரலாற்றின் சுருக்கமாகிறது.

எனினும் உயிருள்ள டிகாய் முற்றும் மறையவில்லை. டென்மார்க்கிலிருந்து வந்த லார்சன் பொறி என்னும் கூண்டில், ஓர் அறையில் உயிருள்ள காக்கையையோ மேக்பையையோ வைத்து, தன் எல்லைக்குள் புகுந்ததாகக் கருதி எதிர்க்கவரும் அதே இனப் பறவையை அடுத்த அறையில் பிடிப்பர். உரிம விதிகளின்படி அப்பறவைக்கு உணவு, நீர், ஒதுங்கிடம், அமர்கோல் ஆகியவை வேண்டும். அவ்விதிகளிலும் அதன் பெயர் ‘டிகாய் பறவை’ என்பதே.

புறாவையும் காக்கையையும் சுடுவது 1990களிலிருந்து பொது உரிமம் என்னும் ஏற்பாட்டின்கீழ் நடைபெற்று வருகிறது. தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் பயிருக்குக் கடுமையான சேதத்தைத் தடுத்தல் போன்ற நோக்கம் இருக்க வேண்டும். ‘வைல்ட் ஜஸ்டிஸ்’ என்னும் அமைப்பு சட்டவழியில் எழுப்பிய எதிர்ப்பைத் தொடர்ந்து, இங்கிலாந்தில் இவ்வுரிமங்களுள் மூன்றை 2019 ஏப்ரல் 25ஆம் நாள் நேச்சுரல் இங்கிலாந்து அமைப்பு திரும்பப் பெற்றது; அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அரசுத் துறை புதிய உரிமங்களை வெளியிட்டது. இடைப்பட்ட வாரங்களில் எழுந்த பூசலின் மையம், வயலில் சுடுவது பயிர்க்காப்பா, பொழுதுபோக்கா என்பது.

அவ்வினா புதியதன்று. ஆர். கே. மர்ட்டன் 1965இல் வெளியிட்ட மரப்புறா பற்றிய நூலும், அவரும் உடன் ஆய்வாளர்களும் 1974இல் வெளியிட்ட கட்டுரையும் இதனை அளந்து நோக்கின. குளிர்காலத்தில் எத்தனை புறாக்கள் பிழைக்கும் என்பதை முடிவு செய்வது அப்போது கிடைக்கும் குளோவர் முதலிய உணவே. குளிர்காலத்தில் சுடப்படுபவற்றில் பெரும்பகுதி எவ்வாறாயினும் இறந்திருக்கக்கூடியவை. அதனால் அடுத்த ஆண்டின் இனப்பெருக்கத் தொகை குறைவதில்லை என்பது அவர்கள் முடிவு. 1970களிலிருந்து எண்ணெய்க் கடுகுப் பயிர் பரவியதும் குளிர்காலப் பட்டினி நீங்கியது, புறா பெருகியது. ஐக்கிய இராச்சியத்தில் இன்று ஏறத்தாழ 50 லட்சம் இணைகள் உள்ளன என்பது 2020இல் வெளியான மதிப்பீடு. இதற்கிடையே இலையுதிர் காலத்திலேயே விதைக்கும் வழக்கம் பெருகியதால் அரிதாள் வயல் குளிர்காலம் முழுதும் கிடப்பது அரிதாயிற்று. பறவை மிகுந்தது, அதனை வரவழைத்த அரிதாளோ குறைந்தது.

7. தமிழில் ‘பார்வை’

தமிழில் இப்பொருளுக்குச் சொல் தேடவேண்டியதில்லை. மறந்ததை நினைவுகூர்தல் போதும். தன்னினத்தைப் பிடிப்பதற்காகப் பழக்கி வைத்த விலங்குக்கும் பறவைக்கும் ‘பார்வை’ என்பது பெயர். தமிழ்ப் பேரகராதி இப்பொருளைப் பதிவு செய்துள்ளது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பில் விளாமரத்தில் பார்வை மான் கட்டப்பட்டிருக்கிறது. புறநானூற்று 320ஆம் பாடலில் வேட்டுவன் உறங்க, பார்வைப் பிணையோடு காட்டுக் கலைமான் விளையாடுகிறது. நற்றிணை 312ஆம் பாடலில் வாடைக் காலத்தில் சிறகொடுக்கி நடுங்கும் வெண்குருகைக் கண்டு இரங்கிய பார்வை வேட்டுவன், அதனைப் பிணித்த முளையை நீக்கி அருள்கிறான். 1981ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் ‘கட்டிவைத்த பறவை’ என்னும் சொல்லால் தடுத்ததை, அப்பாடலின் வேட்டுவன் தன் கையாலேயே அவிழ்க்கிறான்.

‘பார்வை’ என்னும் சொல் ‘பார்’ என்னும் வினையடியிலிருந்து வந்தது. இரை பார்க்குமாறு வைக்கப்படுவது என்னும் கருத்தில் இப்பெயர் அமைந்தது எனக் கருதலாம். டச்சு வழி வந்த ஆங்கிலச் சொல் அடைக்கும் இடத்திலிருந்து பிறந்தது. பிரெஞ்சுச் சொல் அழைக்கும் குரலிலிருந்து பிறந்தது. தமிழ்ச் சொல் காணும் கண்ணிலிருந்து பிறந்தது. உருவகமும் வேறு திசையில் சென்றது. ஆங்கிலத்தில் டிகாய் மோசடிக்காரனும் காட்டிக்கொடுப்பவனும் ஆனது. சைவ மரபிலோ, மானைக் காட்டி மானைப் பிடிப்பதுபோல இறைவன் மானிட வடிவில் குருவாக வந்து உயிரை ஆட்கொள்கிறான் என்று பார்வை விலங்கு அருளுக்கு உவமையாயிற்று. எனவே ‘டிகாய்’ என்பதில் உள்ள இகழ்ச்சியைத் தமிழ்ப் ‘பார்வை’ சுமப்பதில்லை. வேட்டை நூலை மொழிபெயர்க்கையில் அது நன்மையே.

ஆயினும் ‘பார்வை’ எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பழைய வழக்கில் அது உயிருள்ளதையே குறிக்கிறது. நெகிழிப் புறா பார்வையன்று; ஒலிப்பதிவு எவ்வகையிலும் பார்வையாகாது. ஆங்கிலச் சொல்லின் அகலத்தைத் தமிழ்ச் சொல்லின் மீது ஏற்றுவதைவிட, பொருளின் பாகுபாட்டைத் தமிழ்ச் சொற்களால் காட்டுவது தக்கது. உயிருள்ளது ‘பார்வைப் பறவை’, செய்த உருவம் ‘போலிப் பறவை’, ஒலி ‘அழைப்பொலி’, மூன்றையும் தழுவும் பொதுச்சொல் வேண்டுமிடத்து ‘வேட்டை ஈர்ப்பு’. இவ்வாறு கொண்டால் ஐந்தாம் பிரிவின் வாசகம் தெளிவாகும்: பார்வைப் பறவையைக் கட்டியும் ஊனப்படுத்தியும் வைத்தல் குற்றம், அழைப்பொலி குற்றம், போலிப் பறவை குற்றமன்று. ஆங்கில மூலத்தில் அடைமொழிகளால் உணர்த்தப்படும் வேறுபாடு தமிழில் பெயரிலேயே விளங்கும்.

இச்சிக்கல் பிரித்தானிய வயலோடு நிற்பதன்று. இந்தியாவில் கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடைபெறும் சோதனைகளில், விதிமீறலைக் கண்டறிய அனுப்பப்படும் கருவுற்ற பெண்ணையும் ‘டிகாய்’ என்றே ஆவணங்கள் குறிக்கின்றன. அவரைப் ‘போலி நோயாளி’ என மொழிபெயர்ப்பது பிழை. அவர் உண்மையிலேயே கருவுற்றவர். ‘பொறி’ என்பதும் பிழை. தன் இயல்பான நிலையிலேயே நின்று பிறரை வெளிப்படச் செய்பவர் என்னும் பொருளை உணர்த்தச் சொல் வேண்டும். உயிருள்ளதற்கும் செய்ததற்கும் இடையே தமிழ் காத்துவந்த வேறுபாடு அங்கும் வழிகாட்டும்.

வேட்டை முறை உயிர்ப்பறவையிலிருந்து செத்த பறவைக்கும், அதிலிருந்து பொம்மைக்கும் பொறிக்கும் மாறியபோது ஆங்கிலச் சொல் மாறாமல் நின்றது. மாற்றத்தைச் சட்டமே அடைமொழி சேர்த்துப் பிரிக்க வேண்டியதாயிற்று. சொல்லின் ஒருமையைக் கண்டு பொருளின் ஒருமையை நம்பும் மொழிபெயர்ப்பாளர், அரிதாளில் நிற்கும் பொம்மையை நம்பி இறங்கும் புறாவின் நிலையை அடைவார். கட்டிய பறவையையும் வார்த்த பொம்மையையும் ஒரே சொல்லால் எழுதும் சட்ட மொழிபெயர்ப்பில், தடுக்கப்பட்டதும் தடுக்கப்படாததும் ஒன்றாகிவிடும்.